டீச்சர் வேலையை விட்டுவிட்டு கவுன்சலர் ஆகலாமா?

கேள்வி: வணக்கம் சார். தொண்டிப் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் 9, 10 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வயது 37. எம்.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். 2016 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் 26,000 ரூபாய். அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000. கணவர் விசைப்படகில் டிரைவர். நல்ல மாதத்தில் 25,000 வரை கொண்டுவருவார். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒன்றும் கிடையாது. மகள் எட்டாவது, மகன் நாலாவது. வீடு சொந்தம். சீட்டுப் பணத்தையும் சேர்த்து மாதச் செலவு 34,000. எஃப்டி 3 லட்சம், பி.எஃப். 2,80,000 இருக்கிறது. பேங்க் நகைக்கடன் 1,80,000. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, மாதம் 5,000. இன்னும் 11 மாதம் பாக்கி, நான் இன்னும் எடுக்கவில்லை.

போன வருடம் பத்தாவதில் ஒரு பையன். அவன் அப்பாவைப் படகோடு இலங்கை நேவி பிடித்துப்போன பிறகு, மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் லேபுக்கு வருவான். "டீச்சர், டெஸ்ட் டியூப் கழுவித் தரட்டுமா?" என்பான். கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டு பேசுவான். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பாஸ் பண்ணிவிட்டான். எனக்குத்தான் அதன்பிறகு பாடம் நடத்துவதில் மனம் ஒட்டவில்லை. கவுன்சலிங்தான் என் வேலை என்று தோன்றுகிறது. ஆன்லைனில் ஆறு மாத டிப்ளமோ 85,000 ரூபாய். முடித்தால் "சான்று பெற்ற உளவியலாளர்" என்று போர்டு வைக்கலாமாம். எஃப்டியை உடைத்து அதைக் கட்டிவிட்டு, இந்த மாதமே ராஜினாமா கொடுத்து, பி.எஃப். பணத்தில் ராமநாதபுரத்தில் ஒரு அறை பிடிக்கலாம் என்று இருக்கிறேன். கூடவே தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி. கணவர் "உன் இஷ்டம்" என்கிறார், ஆனால் முகம் சரியில்லை. செய்யலாமா?

பதில்: டீச்சர், கவுன்சலர் ஆகலாம். ஆனால் இந்த மாதம் ராஜினாமா கொடுக்காதீர்கள், அந்த 85,000 ரூபாயையும் கட்டாதீர்கள். கட்டணம் பாதி, தள்ளுபடி பாதி என்று போனில் துரத்துவார்கள். அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் உங்கள் ராஜினாமா தேதி. இந்த 2025 செப்டம்பரில் உங்கள் சர்வீஸ் 9 வருடம் 3 மாதம். பணக் கணக்கில் இதைவிட மோசமான இடத்தில் நின்று வேலையை விட முடியாது. பி.எஃப். பிடித்தம் என்று நாம் சொல்வதில் முதலாளி பங்கின் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகிறது. அதில் மாத ஓய்வூதியம் வாங்கப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சத்தை ஒரு முழு வருடமாகக் கணக்கிடுவார்கள் என்பதால், ஒன்பதரை வருடம் தாண்டினாலே பத்து. உங்களுக்கு அது டிசம்பரில் வருகிறது. மூன்றே மாதம்! பென்ஷனுக்குரிய சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதைப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 58 வயதில் மாதம் 2,143 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் தனியாகத் தொழில் செய்யப்போகிறவருக்கு அதுகூட வேறு யாரும் தரப்போவதில்லை. பிறகு பி.எஃப். உள்ள இன்னொரு பள்ளியில் சேர்ந்தால் பழைய சர்வீஸ் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. நீங்கள் பார்ப்பது வாடகை அறையையாயிற்றே.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் அதே கதை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்பதே நம் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் அமலாகும்படி கொண்டுவந்தார்கள். உச்ச நீதிமன்றமும் 2022-இல் அதை உறுதி செய்துவிட்டது. கடைசி அடிப்படை, அகவிலைப்படியை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். உங்கள் 18,000-க்கு வருடத்துக்கு 10,384 ரூபாய். இன்று விட்டால் ஒன்பது வருடக் கணக்கில் 93,461. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் இங்கேயும் முழு வருடம்தான், ஆகவே டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு விட்டால் 1,03,846. அதற்காக அரையாண்டு முடிந்ததும் கிளம்பச் சொல்லவில்லை. பத்தாவது பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு முன் நடுவில் விட்டுவிட்டு வந்தால் நோட்டீஸ் சம்பளத்தைப் பிடிப்பார்கள். சில பள்ளிகள் ஒரிஜினல் சான்றிதழைக்கூடக் கொடுக்காமல் இழுத்தடிக்கும். உங்களுக்கும் மனசு வராது.

இன்னொன்று. பள்ளியில் சேர்ந்த தேதியும் பி.எஃப்.-இல் சேர்த்த தேதியும் ஒன்றா? பல தனியார் பள்ளிகள் ஒரு வருடம் ஓட்டிவிட்டுத்தான் சேர்க்கும். கொரோனா நேரத்தில் சம்பளமே இல்லாமல் போன மாதங்கள் வேறு இருக்கலாம். பிடித்தம் இல்லாத அந்த நாட்கள் பென்ஷன் சர்வீஸில் கழியும். உங்கள் யூஏஎன் (பி.எஃப். எண்) கணக்கில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள்.

இனி படிப்பு. யாரோ சொன்ன தபால் வழி எம்.எஸ்சி. இப்போது நடக்காது. 2021-இல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் சட்டத்துக்குள் உளவியல் வருகிறது என்பதால், தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் அந்தப் படிப்பை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. முன்பே சேர்ந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. நீங்கள் இனிமேல்தானே சேரப்போகிறீர்கள். இப்போது யாராவது "சீட் இருக்கு, பணம் கட்டுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மனநோய்க்குச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அது நேரில் போய் வருடக்கணக்கில் படிக்கிற பாதை. ஆறு மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு "உளவியலாளர்" போர்டு மாட்டுவதை நான் பணக் கண்ணோட்டத்தில் மட்டும் எதிர்க்கவில்லை. நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு நினைவு இருக்கிறது. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த 28 பேர் தீயில் போனார்கள். தகுதியும் உரிமமும் எதற்கு என்று கேட்கிற ஊர் இது இல்லை.

அந்த அறைக்கு வருகிறேன். வாடகை, கரண்ட், தொண்டியிலிருந்து தினமும் போய்வரப் பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 10,000 என்று குறைவாகவே போடுகிறேன். உங்கள் 26,000 சம்பளத்தையும் ஈடுகட்ட 36,000 வர வேண்டும். ஒரு சிட்டிங்குக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 72 சிட்டிங். ஞாயிறு போக நாளைக்கு மூன்று பேர். காகிதத்தில் எளிதாகத் தெரியும். அந்த மூன்று பேர் யார்? நம் கடற்கரையில் எந்த வீட்டு வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்று தெருவுக்கே தெரியும். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தப் படியில் ஏற மாட்டார்கள். ஏறத் துணிகிறவர்களுக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இலவசம், அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டால் அதுவும் இலவசம். இந்த மாவட்டத்துக்குக் கவுன்சலர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவை மலைபோல் கிடக்கிறது. ஆனால் தேவை இருப்பவர் கையில் 500 ரூபாய் இல்லை. தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சுத்தமாக இல்லை. ஆக, சம்பளம் தர ஒரு நிறுவனம் வேண்டும்.

அந்த நிறுவனம் பள்ளிதான். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஒரு கவுன்சலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. சிபிஎஸ்இ விதிகளில் கவுன்சலர் பணியிடம் முன்பே உண்டு. உங்கள் தாளாளருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல் இருப்பார்.

ஆசிரியர்களுக்கென்றே மத்திய அரசின் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி நடத்தும் ஒரு டிப்ளமோ இருக்கிறது: வழிகாட்டுதலும் கவுன்சலிங்கும், ஒரு வருடம். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தபடியே. அடுத்த மூன்று மாதம் மையத்துக்கு நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும்; நமக்குப் பக்கம் என்றால் மைசூரு. கடைசி மூன்று மாதம் ஊருக்குத் திரும்பி வந்து செய்கிற பயிற்சி. சேர்க்கை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். டெஸ்ட் டியூப் பையனைப் போன்ற பிள்ளைகளோடு உட்காரத்தான் நீங்கள் ஆசைப்படுகிறீர்கள் என்றால், உங்கள் பி.எட்.டுக்கும் ஒன்பது வருட வகுப்பறைக்கும் மதிப்புக் கொடுக்கிற படிப்பு இதுதான். பள்ளி மாற விண்ணப்பிக்கும்போது அன்றைய தகுதி விதியை ஒருமுறை படித்துவிடுங்கள், அடிக்கடி மாறுகிறது.

செலவு? கட்டணத்தை விட, நேரில் படிக்கும் மூன்று மாதச் சம்பளம் 78,000 போவதுதான் பெரிது. தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் என்று வையுங்கள். அது எஃப்டியிலிருந்து வரட்டும். மிச்சம் 1,75,000-ஐத் தொடாதீர்கள், கணவரே கேட்டாலும். தடைக்கால இரண்டு மாதத்துக்கு அரசு நிவாரணம் 8,000. உங்கள் செலவு 68,000. உங்கள் சம்பளம் இருக்கிறவரை துண்டு விழுவது 8,000 ரூபாய்தான், சமாளிப்பீர்கள். மே மாதச் சம்பளத்தைப் பள்ளி நிறுத்தினால் 34,000. படகு பிடிபட்டு மாதக்கணக்கில் தொழில் நின்றால் அதற்குக் கணக்கே இல்லை. அந்தப் பணம் அதற்கு. நேரடி வகுப்பு தடைக்காலத்துக்குப் பிந்திய மாதங்களில் வந்தால் நல்லது. தடை முடிந்து படகு இறங்கியதும் வரும் மாதங்களில்தான் வீட்டில் காசு புழங்கும். தடைக்காலத்தோடு மோதினால் அந்த வருடம் சேராதீர்கள், அடுத்த வருடம் போங்கள்.

சீட்டை ஏலத்தில் தள்ளுபடிக்கு எடுக்காதீர்கள், கடைசிவரை கட்டி முழுத் தொகையாக வாங்குங்கள். அடுத்த ஆகஸ்டில் கைக்கு வரும் ஒரு லட்சம் அப்படியே நகைக்கடனுக்கு. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும், எல்லோருக்கும் இருக்கிறது. மீதி 80,000-க்குச் சீட்டு முடிந்தபின் மிச்சமாகும் மாதம் 5,000-ஐப் போட்டால், வட்டியோடு ஒன்றரை வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மகள் அப்போது பத்தாவதில் இருப்பாள். பி.எஃப்.-ஐ எடுக்க வேண்டாம். அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சேர்ந்த பணம் இல்லை அது.

தாளாளரிடம் போவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தீர்ப்பு, நீங்கள் படிக்கப்போகும் டிப்ளமோ, மூன்று மாத விடுப்பு, திரும்பி வந்தால் வாரத்தில் பத்துப் பீரியடைக் குறைத்துக் கவுன்சலிங்குக்குத் தருவது, விடுப்பில் பாதிச் சம்பளம் தர முடியுமா என்பது. பாதிச் சம்பளம் தர மாட்டார், தெரியும். ஆனாலும் கேளுங்கள். அதை மறுத்த கையோடு பீரியடைக் குறைக்க ஒப்புக்கொள்வார். லேபிலேயே ஒரு மேசை போட்டுக்கொள்ளலாம், செருப்பை யாரும் எண்ண மாட்டார்கள்.

வேறு பள்ளியில் கவுன்சலர் என்று ஆர்டர் கையில் வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். கிராஜுவிட்டி அப்போது வரும், வருடம் கூடக்கூட அதுவும் கூடியிருக்கும்.

இந்தக் கணக்கை இன்றிரவே கணவரிடம் காட்டுங்கள். சர்வீஸ் ஹிஸ்டரியில் சேர்ந்த தேதி 2016 ஜூனுக்குப் பிந்தியதாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். டிசம்பர் என்று நான் சொன்னது அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.