பழைய கிளாட் பஸ்டர் கிடைச்சிருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கிறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், டல்லாஸ் பக்கம் ஒரு கராஜ் சேல்ல டமியா கம்பெனியோட கிளாட் பஸ்டர் (ரிமோட்ல ஓடற பெரிய சக்கர பொம்மை டிரக்) ஒண்ணு வாங்கினேன். பாடி மேல யாரோ பிரஷ்ல கறுப்பு பெயின்ட் அப்பி வெச்சிருக்காங்க, பேட்டரி உள்ளயே கசிஞ்சு பச்சை பூத்துக் கிடக்கு, ரிமோட்டும் இல்ல. பார்க்க பழசு மாதிரியே இருக்கணும், ஆனா நல்லா ஓடணும். முதல்ல பிரஷ்லெஸ் மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாத வேகமான மோட்டார்) போட்டுடலாமா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: வேணாங்க, மோட்டார் கடைசியா பார்த்துக்கலாம். 1987-ல டமியா விட்ட வண்டி இது, முன் ஆக்சில்ல ஒண்ணு பின் ஆக்சில்ல ஒண்ணுன்னு ரெண்டு 540 சைஸ் மோட்டார், நடுவுல ஷாஃப்ட்டே கிடையாது, நாலு சக்கரமும் திரும்பும். இழுவைக்கு பஞ்சமே இல்ல, இதோட பெரிய குறை ஸ்டியரிங்தான். சர்வோ (சக்கரத்தைத் திருப்பற சின்ன மோட்டார்) சேசிஸ்ல உக்காந்திருக்கும், அங்கேருந்து நீளமான ராடு வழியா ஆக்சிலுக்குப் போகும், வண்டி பள்ளத்துல இறங்கி ஆக்சில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த ராடு சக்கரத்தையும் சேர்த்து இழுத்துடும், நீங்க ரிமோட்ல கை வைக்காமயே வண்டி ஒரு பக்கம் ஒதுங்கும். இந்த நிலைமையில வேகத்தைக் கூட்டினா கன்ட்ரோல் சுத்தமா போயிடும். அதனால முதல் செலவு ஸ்டியரிங்குக்குத்தான், ஆக்சில் மேலயே சர்வோ மாட்டறதுக்குன்னே பிராக்கெட் விக்கிறாங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு போடுங்க. ஏற்கனவே இருக்கற ஸ்க்ரூ ஓட்டையிலயே உக்கார்ற பிராக்கெட்டா பார்த்து வாங்குங்க, சேசிஸ்ல டிரில் போடாதீங்க, நாளைக்கு ஒரிஜினலுக்கே திரும்பணும்னு தோணினா வழி இருக்கணும் இல்லையா.

பச்சை பூத்ததுக்கு வருவோம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குள்ள இருக்கறது காரம், அதனால வெள்ளை வினிகர் தொட்ட பட்ஸ்ல துடைச்சா வந்துடும், அப்புறம் தண்ணி தொட்டுத் துடைச்சு நல்லா காய விடுங்க. கையுறை கட்டாயம், காட்மியம் விஷம், அந்தப் பேட்டரியைக் குப்பையில போடாம ரீசைக்ளிங்ல குடுத்துடுங்க. வயரை மட்டும் மேலோட்டமா பார்த்து நம்பாதீங்க, நுனியில கொஞ்சம் தோலை உரிச்சுப் பாருங்க, உள்ள செம்புக் கம்பி பளபளன்னு இல்லாம கறுத்துப் போயிருந்தா ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு உருண்டு விழும், அந்த வயரை முழுசா மாத்திடறதுதான் நல்லது.

பாடி ஏபிஎஸ் பிளாஸ்டிக். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஊற வெச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா பெயின்ட் மெதுவா உரிஞ்சு வரும், பொறுமை வேணும், காத்தோட்டமான இடத்துல நெருப்பு பக்கத்துல இல்லாம செய்யுங்க. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, பாடியே இளகிடும். குரோம் பார்ட்ஸைக் கழட்டித் தனியா வெச்சுடுங்க, அந்த பளபளப்பு போச்சுன்னா திரும்ப வராது.

பழைய மெக்கானிக்கல் ஸ்பீடு கன்ட்ரோலர்ல ரெசிஸ்டர் கொதிக்கும், பேட்டரி வீணாகும், அதுக்குப் பதில் ரெண்டு மோட்டாரைத் தாங்கற எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் போடுங்க, 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடறதா இருந்தா லோ வோல்டேஜ் கட் ஆஃப், அதாவது சார்ஜ் ரொம்ப இறங்கினா தானே நிறுத்தற வசதி, இருக்கான்னு பாருங்க. வயர் கொடுத்ததும் வண்டியைத் தூக்கி வெச்சு ஓட்டிப் பார்க்கணும், முன் சக்கரமும் பின் சக்கரமும் எதிரெதிரா சுத்தினா ஒரு மோட்டாரோட ரெண்டு வயரை மட்டும் மாத்திப் போட்டா சரியாயிடும். ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் எதுவானாலும் ஓகே.

இவ்ளோ முடிச்சு ஓட்டிப் பார்த்துட்டு அப்பவும் வேகம் பத்தலைன்னா பிரஷ்லெஸ் பத்தி திரும்ப எழுதுங்க.

கேள்வி: ஐயா, அப்பா வெச்சிருந்த டமியா டொயோட்டா ஹைலக்ஸ், 3 கியர் இருக்கற பழைய மாடல், எங்கிட்ட வந்திருக்கு. சேசிஸை அறுத்து நீளமாக்கி பாறை ஏற வண்டியா மாத்தலாம்னு ஃபிரண்ட் சொல்றார். (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: அம்மா, தயவு செஞ்சு அறுக்க விடாதீங்க. 1981-ல வந்த வண்டி அது, ஏணி மாதிரி உலோக லேடர் ஃபிரேம், நெசமான லாரி மாதிரி லீஃப் ஸ்பிரிங், ரிமோட்லயே கியர் மாத்தலாம், அந்தக் காலத்துல ஒரு பொம்மை வண்டிக்குள்ள இவ்ளோ மெக்கானிசம் வெச்சதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மரியாதை வரும். கிளாட் பஸ்டருக்கு மேல சொன்னதையெல்லாம் தைரியமா சொன்னேன்னா அதை டமியாவே திரும்ப விட்டுட்டாங்க, பார்ட்ஸ் கிடைக்குது, ஹைலக்ஸோட ஒரிஜினல் பார்ட்ஸ் அப்படிக் கிடைக்காது. கியர் பாக்ஸைத் திறந்து காய்ஞ்சு போன கிரீஸை வழிச்சுட்டுப் புதுசா வைங்க, டயர் ரப்பர் வெடிச்சிருந்தா ஒரிஜினலைக் கழட்டிப் பத்திரப்படுத்திட்டு ஓட்டறதுக்கு வேற செட் மாட்டுங்க. ஃபிரண்டுக்கு ஆசைன்னா டமியா புரூசர்ங்கற டிரக்கை 2012-ல திரும்ப விட்டாங்க, அதுவும் 3 கியர்தான், அதுல அவர் இஷ்டத்துக்கு வேலை பார்க்கட்டும்.

கேள்வி: பால் பேரிங் போட்டா வித்தியாசம் தெரியுமா?

பதில்: நல்லாவே தெரியும். ஆக்சில் சுத்தற இடத்துல இருக்கற பழைய பிளாஸ்டிக் புஷ்ல (வளையம்) மண்ணு ஏறி ஆக்சிலையே தேய்ச்சிடும். செலவும் கம்மி, ரப்பர் சீல் வெச்சதா வாங்குங்க.