குட்டி விழுந்ததும் வாலைத் தூக்கிப் பார்ப்போம்

ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, ரோமத்துக்காக வளர்க்கும் தென் அமெரிக்கப் பிராணி அல்பாக்கா. சென்ற இதழில் எங்கள் அல்பாக்கா பண்ணை பற்றி எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பக்கம், நானும் கணவரும் பிள்ளைகளுமாக இருபத்து மூன்று உருப்படிகளை வைத்துச் சமாளிக்கிறோம், அவ்வளவுதான் என் தகுதி. மருந்து அளவெல்லாம் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

கேள்வி: எட்டு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். பத்துப் பெட்டை வாங்கினால் குட்டி விற்றே கடனை அடைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, பல்லாரட்)

அவர் அல்பாக்கா விற்கிறவரா என்று முதலில் விசாரியுங்கள். அமெரிக்காவில் இந்தக் கதை ஒருமுறை நடந்து முடிந்துவிட்டது. 1984-ல் அங்கே இறக்குமதி தொடங்கியது, 1998-ல் வெளிநாட்டிலிருந்து வருபவற்றை இனப் பதிவேட்டில் சேர்க்க முடியாதபடி அதை மூடினார்கள், உள்ளூரில் இருந்தவற்றுக்குக் கிராக்கி ஏறி ஒரு நல்ல பெட்டை இருபதாயிரம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர்களில் ரோமத்துக்காக வாங்கியவர்கள் குறைவு. அடுத்து வருகிறவருக்குக் குட்டி விற்கலாம் என்று வாங்கினார்கள், அந்த அடுத்தவரும் அதே எண்ணத்தில்தான் வந்தார். ரோமத்தின் வருமானத்தை வைத்துப் பார்த்தால் இந்த விலை தாங்காது என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பொருளியலாளர்கள் இருவர் 2005-லேயே எழுதினார்கள். யார் கேட்டார்கள்? பொருளாதாரம் சரிந்த பிறகு சும்மா கொடுத்தால்கூட ஓட்டிப்போக ஆளில்லாத நிலை வந்தது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணையில் போட்ட பணம் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், ஆட்டுக்கணக்கு போடாதீர்கள். அல்பாக்காவுக்குச் சினைக்காலமே பதினொன்றரை மாதம், ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி, இரட்டை என்பது அபூர்வத்திலும் அபூர்வம். அதிலும் பாதி கிடா. குட்டி விழுந்ததும் நாங்கள் முதலில் வாலைத் தூக்கித்தான் பார்ப்போம், கிடா என்றால் என் கணவர் ஒன்றும் பேசாமல் டீ போடப் போய்விடுவார். பத்துக் கிடாவில் பொலிக்கு நிறுத்தத் தகுதியானது ஒன்று தேறினால் அதிகம். மற்றவற்றைக் காயடித்து, நரியிடமிருந்து ஆட்டுக்குட்டிகளைக் காக்க என்று செம்மறிப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுக்கிறோம், விலை சொற்பம். எனவே முதல் வருடம் காயடித்த கிடா மூன்றை மட்டும் வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது, கூட்டம் இல்லாவிட்டால் அது ஏங்கிப்போகும். நகம் வெட்ட, ஊசி போட, வேலி கட்டக் கை பழகட்டும், அதற்குப் பிறகு பெட்டையைப் பற்றி யோசிக்கலாம். இப்போது பார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: போன மாதம் கிடாவுடன் சேர்த்தோம். சினைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈனும்போது கூடவே இருக்க வேண்டுமா? (வாசகர், ஹாமில்டன், நியூசிலாந்து)

மாடு போல இது பருவத்துக்கு வந்து கத்தாது, கிடாவுடன் சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியாகும். சேர்த்து இரண்டு வாரம் ஆனதும் கிடாவை மறுபடி பக்கத்தில் கொண்டுவாருங்கள். பெட்டை காலை மடக்கி உட்கார்ந்துவிட்டால் சினை இல்லை. துப்பி, உதைத்து, ஓடினால் சினை பிடித்திருக்கலாம். இதை நம்பி மட்டும் இருக்காதீர்கள், கரு கலைவதும் உண்டு, இரண்டு மாதம் ஆனதும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். துப்பலை நம்பி ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்து ஏமாந்த பெருமை எங்களுக்கு உண்டு.

ஈனுவது பெரும்பாலும் காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவில்தான். இது ஆண்டிஸ் மலைப் பிராணி, அங்கே ராத்திரி எலும்பை உறைய வைக்கும், பொழுது சாய்வதற்குள் குட்டி காய்ந்தாக வேண்டும். ஆனால் பசு கன்றை நக்குகிற மாதிரி அல்பாக்கா தாய் நக்காது, முனகிக்கொண்டே முகர்ந்து பார்க்கும், அவ்வளவுதான். அதனால் மழை நாளில் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவது நம் வேலை. இருட்டிய பிறகு முக்க ஆரம்பித்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டி ஆறிலிருந்து எட்டு கிலோ இருக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து மடி தேட வேண்டும். சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். ஒரு நாள் கழித்துக் குடித்தால் வயிறு நிறையும், அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பில் ஏறாது.

கேள்வி: தாயை இழந்த கிடாக்குட்டிக்கு என் பிள்ளைகள் புட்டிப்பால் கொடுக்கிறார்கள். நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வருகிறது, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. (வாசகி, பெண்டிகோ)

பால் கொடுங்கள், கொஞ்சாதீர்கள். தனியாக மனிதர்களிடம் வளர்ந்த கிடா நம்மையும் அல்பாக்கா என்றே நினைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று வயதில் விதை முற்றியதும் நம்மைப் போட்டிக் கிடாவாகப் பார்த்து நெஞ்சால் மோதித் தள்ளும், கடிக்கும். அந்த வயதில் சண்டைப்பல்லும் முளைத்திருக்கும். அதை மறுபடி திருத்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பால் குடித்ததும் மந்தையோடு விட்டுவிடுங்கள். காயடிக்கும் நாளையும் இப்போதே மருத்துவரிடம் பேசி வையுங்கள். பிள்ளைகள் அழுவார்கள், எங்கள் வீட்டிலும் அழுதார்கள்.

கேள்வி: கோடை முடிகிற நேரத்தில் இரண்டு பெட்டைகளுக்குத் தலை ஆடுகிறது, ஓட விட்டால் விழுகின்றன. மூளைக்காய்ச்சலா? (வாசகர், கோலாக்)

மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் உங்கள் பட்டியில் ரை புல் (ryegrass என்கிற மேய்ச்சல் புல்) இருந்தால் என் சந்தேகம் அதன் மேல்தான். அந்தப் புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சை நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு தண்டின் அடியில்தான் அதிகம், அதனால் மொட்டையாக மேய்ந்துபோன பட்டியில்தான் ஆபத்து கூடுதல். அந்தப் புல்லிலிருந்து உடனே பிரித்து நல்ல உலர்புல் போடுங்கள், ஓட்டாமல், விரட்டாமல், குட்டை பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும்.

கேள்வி: ரோமத்தை விற்றுக் காசு பார்க்க முடியுமா? (வாசகி, கான்பெரா)

வருடத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன்னால் கத்தரிப்போம், ஒரு உருப்படிக்கு இரண்டு மூன்று கிலோ வரும். முதுகும் விலாவும் நல்ல ரோமம். கழுத்து, கால், வயிறு என்று போகப் போகக் கரடு, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தால் கரட்டு விலைதான் கிடைக்கும். வயதாக ஆக ரோமம் தடித்துப்போகும், தீவனம் கூடினாலும் அப்படியே. ஆட்டு ரோமத்தில் இருக்கும் கொழுப்புப் பிசுக்கு இதில் இல்லை, அதனால் கையில் நூற்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். மொத்தமாக விற்ற வருடங்களில் கத்தரிப்பவர் கூலிக்கே சரியாகப் போனது. சிறு ஆலையில் கொடுத்து நூலாக்கி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நானே உட்கார்ந்து விற்கத் தொடங்கிய பிறகுதான் கையில் ஏதோ நிற்கிறது. விலைபோகிற இன்னொன்றைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்: மூட்டை மூட்டையாகப் புழுக்கை. எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் போடுகிற சமர்த்துப் பிராணி, அள்ளுவது சுலபம், தோட்டக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள்.

கேள்வி: என் பத்து வயது மகள் கேட்கிறாள், நம் மேல் துப்புமா? (வாசகர், சிட்னி)

அவற்றுக்குள் தீவனச் சண்டை வந்தால் துப்பிக்கொள்ளும், நாம் நடுவில் மாட்டினால் நம் மேலும் விழும். வெறும் எச்சில் இல்லை கண்ணு, அரைகுறையாகச் செரித்த பச்சைப் புல், அந்த வாடை இரண்டு முறை குளித்தாலும் போகாது. காதைப் பின்னால் மடக்கி மூக்கை வானத்துக்குத் தூக்கினால் ஓடிவிடு.