அலமாரியில் 3 வருஷம் கிடந்த பீர் சாமான்

கேள்வி: ஐயா, வீட்டிலேயே பீர் தயாரிக்கலாம் என்று ஆசைப்பட்டு 3 வருஷத்துக்கு முன் எல்லாம் வாங்கினேன். வேலை மாறியதில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது பெட்டியைத் திறந்தால், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்டின் இனிப்புச் சாறைச் சுண்டவைத்தது) டின் ஒன்று, உடைத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒரு பை, பிரித்துக் கிளிப் போட்ட ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ), உலர் ஈஸ்ட் 2 பாக்கெட். பிரிக்காத ஹாப்ஸ் ஒரு உறை ஃப்ரீசரில் இருக்கிறது. எல்லாமே தேதி தாண்டியவை. எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: தேதியை அப்புறம் பார்க்கலாம். ஒரு சாமான் எங்கே, எப்படி இருந்தது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். காற்று, சூடு, ஈரம், வெளிச்சம் ஆகிய நாலும்தான் இவற்றைக் கெடுக்கின்றன. ஃப்ரீசரில் இருந்ததற்கும் அலமாரியில் இருந்ததற்கும் ஒரே தேதி அச்சாகியிருக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே வயது அல்ல.

ஃப்ரீசர் ஹாப்ஸிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் நல்ல செய்தி. ஹாப்ஸில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் நாளாக ஆகக் குறையும். வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் இறங்கினால் அந்தக் குறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது வழக்கமான கணக்கு. 20 டிகிரி அறையோடு ஒப்பிட்டால், மைனஸ் 18-ல் இருக்கும் ஃப்ரீசரில் வேகம் சுமார் ஆறில் ஒரு பங்கு. காற்றில்லாமல் அடைத்த உறை என்றால் இன்னும் நல்லது. பிரித்ததும் நிறம் பச்சையாக, வாசனை பளிச்சென்று இருக்கிறதா? தைரியமாகப் போடுங்கள். கசப்பு கொஞ்சம் குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு அளவை லேசாகக் கூட்டினால் போதும். ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். காஸ்கேட் சீக்கிரம் இழக்கும், கலீனா தாக்குப்பிடிக்கும்.

கிளிப் போட்ட ஹாப்ஸ்? விட்டுவிடுங்கள். கிளிப் காற்றைத் தடுக்காது.

உடைத்த மால்ட்டையும் அப்படியே. முழுத் தானியமாக, உலர்ந்த குளிர்ந்த இடத்தில், மூடி இறுக்கமாக இருந்தால் ஒரு வருஷம் தாண்டியும் நன்றாக இருக்கும். உடைத்துவிட்டால் கணக்கே வேறு. உமிக்குள் பத்திரமாக இருந்த மாவில் காற்றும் ஈரமும் நேரே படுகின்றன, அதிலுள்ள கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் நாலு பருக்கையை மென்று பாருங்கள். நல்ல மால்ட் மொறுமொறுவென்று உடைந்து நாக்கில் இனிக்கும். நமுத்துப்போயிருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். வண்டு, பூஞ்சணம், பழைய எண்ணெய் நாற்றம் இருந்தால் வாயில் போடவே வேண்டாம்.

எக்ஸ்ட்ராக்ட் டின்தான் ஆளைக் குழப்பும். டின் உப்பியிருந்தால் ருசி பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். உப்பவில்லை என்றால் திறந்து, ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பாருங்கள். திரவ எக்ஸ்ட்ராக்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்த ஈரத்தில் சர்க்கரையும் புரதமும் டின்னுக்குள்ளேயே மெல்ல வினைபுரிந்து, நிறம் கறுத்துக்கொண்டே போகும். கறுப்பு மட்டும் என்றால் ஸ்டவுட் மாதிரி கரும் பீருக்குப் போகட்டும். சோயா சாஸ் போலவோ மை போலவோ ஒரு ருசி தட்டினால், எவ்வளவு ஹாப்ஸ் கொட்டினாலும் அது மறையாது. தூள் எக்ஸ்ட்ராக்ட் இந்த விஷயத்தில் சாது. கல்லாக இறுகிப்போனாலும் ருசி சரியாக இருந்தால் உடைத்துப் போட்டுக் கரைக்கலாம்.

ஈஸ்ட்டுக்கு மட்டும் நான் கருணை காட்டுவதில்லை. 3 வருஷம் அலமாரிச் சூட்டில் கிடந்ததை நம்பிப் பீர் போடாதீர்கள். காய்ச்ச ஒரு பொழுது, காத்திருக்கச் சில வாரம். அவ்வளவு உழைப்பையும் பெட்டியிலேயே மிகச் சின்னப் பாக்கெட்டின் தலையில் கட்டுவானேன்? புதிதாக வாங்குங்கள். பழையதையும் வீணாக்க வேண்டாம். வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள மால்ட்டின் இனிப்பு நீர்) கொதித்து முடிய கால் மணி நேரம் இருக்கும்போது அதில் கொட்டிவிடுங்கள். செத்த ஈஸ்ட் புது ஈஸ்ட்டுக்குச் சத்து.

கேள்வி: பழைய ஈஸ்ட்டைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டேன், நுரைத்தது. அப்படியானால் நல்லதுதானே?

பதில்: உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை செல் பிழைத்திருக்கிறது என்று நுரை சொல்லாது. குறைவான ஈஸ்ட் ஒரு முழு வாளியை எடுத்துக்கொள்ள நேரமாகும், அந்த இடைவெளியில் வேண்டாத பாக்டீரியா புகுந்துவிடும். சோதிப்பதானால் சரியாகச் சோதியுங்கள். 100 கிராம் தூள் எக்ஸ்ட்ராக்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, அறைச் சூட்டுக்கு ஆறியபின் ஈஸ்ட்டை விடுங்கள். ஒரு நாளில் மேலே நுரை கட்டி, ரொட்டி வாசனை வந்தால் நல்லது. ரப்பர் வாடையோ அழுகல் வாடையோ வந்தால் சாக்கடைக்கு. திரவ ஈஸ்ட் இன்னும் வேகமாகச் சாகும், அதற்கு இந்தச் சோதனை இல்லாமல் ஆகாது.

கேள்வி: என் பழைய ஹாப்ஸ் அழுக்குக் காலுறை மாதிரி நாறுகிறது. பெல்ஜியத்தில் பழைய ஹாப்ஸைத்தான் தேடிப் போடுகிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: நண்பர் சொல்வது உண்மை, ஆனால் பாதி. பிரஸ்ஸல்ஸை ஒட்டிய பகுதியில் லாம்பிக் என்ற புளிப்பு பீர் தயாரிப்பவர்கள் சில வருஷம் பழசான ஹாப்ஸைத்தான் போடுகிறார்கள். அவர்களுக்குக் கசப்பும் வாசனையும் வேண்டாம், பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் போதும். பல மணி நேரம் கொதிக்கவைத்து, காற்றிலிருந்து வரும் ஈஸ்ட்டிலேயே நொதிக்கவிட்டு, மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் வைக்கிறார்கள். நீங்கள் கேட்கும் நாற்றம் ஐசோவேலரிக் அமிலத்துடையது, ஹாப்ஸ் காற்றில் கெடும்போது வருவது. அவ்வளவு நீண்ட வேலைக்கு நீங்கள் தயாராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சில வாரத்தில் குடிக்க ஒரு பேல் ஏல் (வெளிர்நிற பீர்) போடுவதானால், குப்பைத் தொட்டி. கடைசியில் வாசனைக்காகப் போடும் ஹாப்ஸில் மட்டும் எந்தச் சலுகையும் கொடுக்காதீர்கள். உறையைத் திறந்ததும் மூக்கு சுளித்தால், கோப்பையிலும் சுளிக்கும்.

கேள்வி: முழு மால்ட் ஒரு மூட்டை, 2 வருஷம் பழசு. மொறுமொறுப்பாக இருக்கிறது. மாவை இனிப்பாக்கும் சக்தி இருக்குமா?

பதில்: இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் மென்று பார்த்தால் அது தெரியாது. ஒரு பிடியை உடைத்து, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தெளிந்த நீரை வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் அயோடின் ஒரு சொட்டு சேருங்கள். கருநீலமானால் மாவு இன்னும் சர்க்கரையாகவில்லை. உமித்துண்டு சேராமல் பாருங்கள், அது எப்போதுமே கறுக்கும். அந்தச் சொட்டைக் கழுவி ஊற்றிவிடுங்கள், பாத்திரத்தில் சேர்க்காதீர்கள். கிரிஸ்டல் மால்ட்டுக்கும் கரியவறுத்த மால்ட்டுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். அவற்றிடம் நாம் எதிர்பார்ப்பது நிறமும் ருசியும்தான்.

கேள்வி: பழைய கிருமிநாசினி?

பதில்: எந்த வகை என்று எழுதவில்லை. அமில வகையானால், கலக்காத பாட்டில் நாள்பட இருக்கும். கலந்து வைத்ததை பிஎச் தாளில் பாருங்கள், 3-க்கு மேல் போனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.