‘பழைய படம், பேர் தெரியல’: வாசகர் கேள்விகள்

சினிமா ரசிகர் குழுக்களில் படம் கேட்பவர்கள் விவரத்தோடு கேட்க வேண்டும் என்று போன இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி புலம்பல். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அப்பா சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்த ஒரு படத்தை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறார். ஃபேஸ்புக் குழு ஒன்றில் ‘பழைய படம், கதாநாயகி கடைசியில் அழுவார், பேர் தெரியுமா?’ என்று கேட்டேன். வந்ததெல்லாம் சிரிப்புப் பொம்மைகள்தான். நான் கேட்டதில் என்ன தப்பு?
– வாசகி, கும்பகோணம்

தப்பில்லை. ஆனால் கதாநாயகி அழாத பழைய படம் என்று கேட்டிருந்தால் சீக்கிரம் பதில் கிடைத்திருக்கும், ஏனென்றால் அவை ரொம்பக் கொஞ்சம்.

அப்பாவிடம் கதையைக் கேட்காதீர்கள், அந்த ராத்திரியைக் கேளுங்கள். எந்த ஊர்க் கொட்டகை, யாரோடு போனார், தரை டிக்கெட்டா பெஞ்சா, அப்போது எத்தனாவது படித்தார் என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வரும். கதாநாயகன் யார் என்று மறந்தவர்களுக்குக்கூட காமெடிக்குச் சந்திரபாபு வந்தாரா நாகேஷ் வந்தாரா என்பது ஞாபகம் இருக்கும், அது ஒன்றே தேட வேண்டிய வருடங்களைப் பாதியாகக் குறைத்துவிடும். பாட்டில் ஒரு வரி கிடைத்தால் தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். மெட்டு மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் அப்பாவையே முனகச் சொல்லிப் பதிவு செய்து போடுங்கள், வெட்கப்பட வேண்டாம், அதற்கென்றே காத்திருக்கிற பெரியவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு.

இதில் நிறையப் பேர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. பார்த்த வருடம் வேறு, படம் வந்த வருடம் வேறு. டூரிங் கொட்டகைக்குப் படம் டவுன் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் வரும், பல வருடம் பழசான பிரிண்ட்கூட வரும். அதனால் ‘1968 படம்’ என்று எழுதாமல் ‘1968-இல் பார்த்தார்’ என்று எழுதுங்கள். தெலுங்கிலிருந்து டப் ஆன படமாகவும் இருக்கலாம், அதையும் கேட்டுவையுங்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அப்பா 1968 வாக்கில் நன்னிலம் பக்கம் டூரிங் டாக்கீஸில் பார்த்தது. கறுப்பு வெள்ளை. அண்ணன் தங்கை கதை. தங்கை புருஷனுக்கு ரயில்வே வேலை. கிணற்றடியில் ஒரு பாட்டு. நாகேஷ் உண்டு. பாசமலர் இல்லை, அதைப் போட்டுக் காட்டிவிட்டோம்.’ அந்தக் கடைசி வரியை விட்டால் முதல் பத்துப் பதிலும் பாசமலர்தான்.

‘பொல்லாதவன் வேணும்’ என்று கேட்டேன். ஒருவர் ரஜினி படத்தின் விவரம் முழுக்க எழுதி அனுப்பினார். ‘இது இல்லை’ என்றதும் கோபித்துக்கொண்டார்.
– வாசகர், ஓசூர்

கோபித்துக்கொள்ளத்தான் செய்வார். ரஜினியின் பொல்லாதவன் 1980, தனுஷின் பொல்லாதவன் 2007. அதே இரண்டு பேருக்கும் படிக்காதவன் உண்டு (1985, 2009), மாப்பிள்ளையும் உண்டு (1989, 2011). வருடத்தின் நான்கு எண்களைத் தட்ட உங்களுக்குச் சோம்பல், அவருக்கு அரை மணி நேரம் வீண். மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு ‘லிங்க் ப்ளீஸ்’ என்று போட்டேன். அட்மின் பதிவைத் தூக்கிவிட்டார். இவ்வளவு கறாரா?
– வாசகர், பெயர் வேண்டாம்

பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2023-இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, திருட்டுத்தனமாகப் படத்தைப் பதிவு செய்து பரப்புவதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 3 மாதச் சிறையும் 3 லட்ச ரூபாய் அபராதமும். உங்களுக்காக அட்மின் எதற்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்? ‘எந்தத் தளத்தில் வருகிறது, எப்போது வருகிறது’ என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். ரொம்பப் பழைய படம் என்றால் கதை வேறு. நம் நாட்டில் படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான வருடம் போக 60 வருடம். 1960-இல் வந்த படத்துக்கு அது 2020 கடைசியோடு முடிந்துவிட்டது.

பதினைந்து வருடமாகப் பழைய படங்களின் பெயர் கண்டுபிடித்துச் சொல்கிறேன். வீட்டில் அந்தக் காலத்தில் தியேட்டரில் விற்ற, கதைச் சுருக்கம் போட்ட பாட்டுப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேர் நன்றிகூடச் சொல்வதில்லை. விடை கிடைத்ததும் பதிவையே அழித்துவிடுகிறார்கள். விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

ஐயா, விட்டுவிடாதீர்கள். நன்றி சொல்லாததைக்கூட நான் மன்னிப்பேன், பதிவை அழிப்பதை மன்னிக்கவே மாட்டேன். நீங்கள் ராத்திரி பரணில் ஏறி, பெட்டியை இறக்கி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிகிற கதைச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பூச்சி அரித்த பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருப்பீர்கள். கேட்டவர் அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதே படத்தைக் கேட்பார், நீங்கள் மறுபடி பரணில் ஏற வேண்டும். கேட்பவர்கள் செய்ய வேண்டியது, பதிவின் தலைப்பில் ‘கிடைத்துவிட்டது’ என்று சேர்த்து, படத்தின் பெயரையும் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவது. ஒரு நிமிட வேலை.

நீங்களும் ஒன்று செய்யலாம். போட்டோக்களை வருடவாரியாக ஒரு இடத்தில் சேர்த்துவையுங்கள். உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவை இன்று சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன, அதில் பாட்டுப் புத்தகமும் சினிமா நோட்டீஸும் உண்டு.

அம்மாவுக்குக் காது கேட்காது. ஒரு படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கேட்டேன், உடனே அனுப்பினார்கள். ஆனால் ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போக வசனம் தள்ளிப் போகிறது. மறுபடி கேட்டால் தொல்லை என்று நினைப்பார்களா?
– வாசகி, திருநெல்வேலி

நினைக்க மாட்டார்கள், ஆனால் இந்தமுறை விவரத்தோடு கேளுங்கள். தியேட்டர் படம் நொடிக்கு 24 பிரேம் (படக் கட்டம்) ஓடும், பழைய டிவிடிகள் சிலவற்றில் 25 ஆக ஓட்டியிருப்பார்கள். உங்கள் படம் ஒரு வேகத்திலும் சப்டைட்டில் இன்னொரு வேகத்துக்கும் இருக்கலாம். இரண்டரை மணி நேரப் படம் அதில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், கடைசிக் காட்சிக்கு வரும்போது 6 நிமிடம் வித்தியாசம். ‘என்னிடம் இருக்கும் படத்தின் நீளம் இவ்வளவு, முதல் வசனம் இந்த நொடியில், கடைசி வசனம் இந்த நொடியில்’ என்று மூன்று எண் கொடுத்தால் போதும், தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து தருவார். ஒரே அளவாக இல்லாமல் நடுவில் திடீரென்று தாவினால் உங்கள் பிரதியில் ஏதோ வெட்டியிருக்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவர் மாதாமாதம் 1931-இல் வந்த காளிதாஸ் படத்தைக் கேட்கிறார். என்ன சொல்லி நிறுத்துவது?
– அட்மின், கோவை

ஒருமுறை பொறுமையாகச் சொல்லுங்கள். டி.பி. ராஜலட்சுமி நடித்த அந்த முதல் தமிழ்ப் பேசும் படத்தின் பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, தீக்குச்சி மாதிரி பற்றிக்கொள்ளும், எரிந்தது போக அதிலிருந்த வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. மூன்றாவது மாதமும் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், ஆனால் குழுவிலிருந்து நீக்கவும் வேண்டாம். என்றைக்காவது யார் வீட்டுப் பரணிலாவது ஒரு டப்பா கிடைத்தால், முதலில் ஓடிப் போய்ப் பார்க்கப் போகிறவர் அவர்தான்.

கேட்டு வாங்கிப் பார்த்த படம் மொக்கை. கொடுத்தவரிடம் சொல்லலாமா?
– வாசகர், வேலூர்

சொல்லலாம், முதலில் நன்றி சொல்லிவிட்டு. அவரும் அநேகமாக அதை முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்.