இம்பாலில் போலோ பார்க்கப் போகிறவருக்கு

கேள்வி: என் மகன் இம்பாலில் வங்கி வேலையில் இருக்கிறான். குளிர்காலத்தில் அங்கே போகும்போது போலோ ஆட்டம் பார்க்கலாம் என்கிறான். ராஜாக்களும் கோடீஸ்வரர்களும் ஆடுகிற ஆட்டத்தில் எனக்கென்ன வேலை? எதை உடுத்துவது, எப்போது கைதட்டுவது என்றுகூடத் தெரியாது. போதாக்குறைக்கு, அது குதிரைகளை வதைக்கிற விளையாட்டு என்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போங்கள். ஆனால் 'ராஜாக்களும் கோடீஸ்வரர்களும்' என்ற எண்ணத்தை ஈரோட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். டெல்லியையோ ஜெய்ப்பூரையோ பற்றிக் கேட்டிருந்தால் பாதியாவது ஒப்புக்கொண்டிருப்பேன். நீங்கள் போவது அந்த எண்ணம் துளியும் ஒட்டாத ஊருக்கு.

குதிரைமேல் இருந்தபடி நீண்ட மட்டையால் பந்தை அடிக்கிற இந்த ஆட்டத்துக்கு மணிப்பூரில் சகோல் காங்ஜெய் என்று பெயர். மெய்தெய் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவருவது. மார்ஜிங் என்ற அவர்களுடைய தெய்வமே குதிரைக்கும் இந்த ஆட்டத்துக்கும் உரிய தெய்வம். 1850களில், இன்றைய அசாமில் இருக்கும் கச்சார் பகுதியில் குடியேறியிருந்த மணிப்பூரிகள் ஆடியதைப் பார்த்து ஜோசப் ஷெரர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்கு ஆசை வந்தது. அவரும் தேயிலைத் தோட்டக்காரர்களும் சேர்ந்து 1859-ல் அங்கேயே சில்சார் ஊரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1862-ல் கல்கத்தாவில் கிளப் வந்தது. 1869-ல் ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. கோட்டும் தொப்பியும் பணமும் வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். இம்பாலில் இன்றும் விவசாயி வீட்டுப் பிள்ளையும் போலீஸ்காரரும் ஆடுகிறார்கள். பெண்கள் அணிகளும் இருக்கின்றன. அவர்களுடைய ஆட்டத்தை நாம் கோடீஸ்வரர்கள் கணக்கில் எழுதிவைப்பது அநியாயம்.

உடை பற்றிக் கவலையே வேண்டாம். புடவைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் போதும். அங்கே நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். உடனே குளிர் ஏறும்.

ஆட்டம் நடக்கும் மைதானம் மாபால் காங்ஜெய்புங், காங்லா கோட்டைக்குப் பக்கத்தில், நகரின் நடுவிலேயே இருக்கிறது. இன்னும் ஆட்டம் நடக்கிற போலோ மைதானங்களில் உலகிலேயே பழமையானது என்று பெயர் பெற்றது. உள்ளே போனதும் முதலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஏழு பேர் இருந்து கோல் கம்பமும் இல்லையென்றால் அது பழைய மணிப்பூரி முறை. பந்து எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினாலே கோல். அந்தப் பந்து மூங்கில் வேரில் செய்தது. நாலு பேர் என்றால் சர்வதேச முறை. அதில் ஆட்டத்தை 'சக்கர்' என்று பிரிப்பார்கள். ஒரு சக்கர் ஏழு நிமிடம். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறிக்கொள்ளும். இது தெரியாமல் உட்கார்ந்தால் யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்றே பிடிபடாது. முதல்முறை பார்க்கிறவர்கள் 'ஒன்றும் புரியவில்லை' என்று எழுந்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சர்வதேச முறையில் ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி ஆட்டம் விளங்கிவிடும். அடிபட்ட பந்து ஓடும் திசையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் பந்தைத் துரத்திக்கொண்டு வருகிறவருக்குத்தான் வழி. நெடுஞ்சாலையில் நேராக வரும் வண்டிக்குக் குறுக்கே சந்திலிருந்து நுழைந்தால் என்ன ஆகுமோ, அந்தக் கோட்டில் குறுக்கே புகுந்தாலும் அதுதான். அதனால்தான் நடுவர்கள் விசில் ஊதுகிறார்கள். ஆனால் பக்கத்தில் இணையாக ஓடிவந்து, குதிரையின் தோளால் எதிராளியின் குதிரையைத் தள்ளிக் கோட்டைவிட்டு விலக்கலாம். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். அது விதிக்கு உட்பட்டதுதான். மட்டையை வலக்கையில் மட்டுமே பிடிக்கலாம், இடக்கைக்காரரானாலும் சரி. எதிரெதிரே வருகிறவர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தக் கட்டாயம். முழு அளவு மைதானம் 300 கஜம் நீளம். பந்தைத் தேடினால் கண் வலிதான் மிஞ்சும், குதிரைகளைப் பாருங்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் திரும்பினால் யாரோ பந்தைப் பின்பக்கமாக அடித்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது கைதட்டுங்கள், தப்பே இல்லை.

உட்காருவது நடுப் பகுதியில், கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். எல்லைக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். நன்றாக அடிபட்ட பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும்.

இனி வதை பற்றி. நீங்கள் கேட்டதில் மிக நியாயமான கேள்வி இதுதான். வாலை இறுக்கி முடிந்திருப்பது மட்டை சிக்காமல் இருக்க. காலில் சுற்றியிருப்பது அடி படாமல் இருக்க. அப்படியும் குதிரைக்கு அடிபடுவது உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மணிப்பூர் மட்டக்குதிரைக்குப் பெரிய கொடுமை நடப்பது மைதானத்துக்கு வெளியே. தோள் உயரம் ஏறக்குறைய நாலடிதான் இருக்கும் இந்தக் குதிரைகள், 18-ஆம் நூற்றாண்டில் மணிப்பூரை ஆண்ட பாம்ஹெய்பா அரசரின் வீரர்களைச் சுமந்துகொண்டு பர்மாவுக்குள் போனவை. இன்று மேய இடமில்லை. லாம்ஃபேல்பாட் போன்ற சதுப்பு நிலங்கள் கட்டடங்களாகச் சுருங்கிவிட்டன. குதிரைகள் நகரத்துச் சாலைகளில் அலைந்து குப்பையைத் தின்கின்றன, வண்டிகளில் அடிபடுகின்றன. 2003 கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898 இருந்தவை 2012-ல் 1,101 ஆகிவிட்டன. ஆட்டம் நடப்பதால்தான் இந்த இனத்தை வளர்க்க இன்னும் ஆள் இருக்கிறது. மைதானத்தில் ஆள் குறைந்தால் தொழுவத்திலும் குதிரை குறையும். 'வதை' என்று சொல்லி நீங்கள் வீட்டில் இருந்துவிடுவதால் ஒரு குதிரைக்கும் நன்மை இல்லை.

2023 மே கலவரத்துக்குப் பிறகு மணிப்பூர் நிலவரம் திடீரென்று மாறக்கூடியதாகவே இருக்கிறது. ஆட்டம் உண்டா, ஊரடங்கு ஏதும் இருக்கிறதா என்று மகனிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆட்டம் முடிந்ததும் நேரே வெளியே வந்துவிடாமல், யாராவது தெரிந்தவர் மூலம் குதிரைகள் கட்டியிருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு குதிரைக்கு மாதம் என்ன செலவாகிறது, போட்டி இல்லாத நாட்களில் அது எங்கே மேய்கிறது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.