பல வளாகங்கள் கொண்ட பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் மனக்குறையோடு இருக்கக் காரணம் தூரமா, நிர்வாகமா?

ஒன்பது ஆண்டுகள் ஒரு கிளை வளாகத்தில் உயிரியல் நடத்தினேன். தூரத்தின் மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் வசதி. நான் பார்த்தவரை குறை முளைக்கும் இடம் ஒப்புதல் கையெழுத்து.

ஒருமுறை ஆய்வகத்தில் நான்கு நுண்ணோக்கிகளின் பல்புகள் அடுத்தடுத்துப் போய்விட்டன. சின்னச் செலவு. எங்கள் வளாக இயக்குநருக்குப் பெரிய அறை உண்டு, பித்தளைப் பெயர்ப்பலகை உண்டு. பல்பு வாங்கும் அதிகாரம் மட்டும் இல்லை. படிவம் தலைமை வளாகத்துக்குப் போனது. மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்று திரும்பி வந்தது. மறுபடி போனது. அதற்குள் செமஸ்டரே முடிந்துவிட்டது. ஒரு நுண்ணோக்கிக்கு ஆறு பேர் என்று முண்டியடித்த மாணவர்கள், கருத்துக்கணிப்பில் ஆய்வகத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார்கள். விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. அது மட்டும் இரண்டே நாளில் வந்து சேர்ந்தது.

தூரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களிடையே ஆராய்ந்து, மேசைகள் விலக விலகப் பேச்சு வேகமாகக் குறைவதைக் காட்டினார்; சில பத்து மீட்டர்களே அதற்குப் போதும். அப்படியானால் ஒரே வளாகத்தின் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலும் இதே நோய்தான். ஆனால் அங்கிருப்பவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போய் நிற்கலாம். நாங்கள் நினைவூட்டல் மின்னஞ்சல்தான் அனுப்பலாம்.

காணொலிக் கூட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. தலைமை வளாகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது எங்களுக்குக் கேட்காது. கடைசியில் திரையைப் பார்த்து, “அங்கிருந்து ஏதாவது உண்டா?” என்பார்கள். அப்போது எல்லாம் முடிவாகியிருக்கும். இரண்டு வளாகங்களிலும் வகுப்பு எடுப்பவர்கள் பாடு இன்னும் மோசம். கால அட்டவணையில் வகுப்பு நேரம் கணக்கில் வரும், சாலையில் போகும் நேரம் வராது.

மாணவர்கள் கதை வேறு. சிறிய வகுப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர் என்று கிளையில் அவர்களுக்கு நல்லதும் நடக்கிறது. வகுப்பறையைப் பற்றி என்னிடம் குறை சொன்னவர்கள் குறைவு. மதிப்பெண் பட்டியலில் எழுத்துப்பிழை திருத்தவும் உளவியல் ஆலோசகரைப் பார்க்கவும் தலைமை வளாகத்துக்குப் போக வேண்டியிருந்ததுதான் அவர்களுக்குக் கோபம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பத்து வளாகங்கள் இருக்கின்றன. 2005இல் இளநிலை மாணவர்களுக்குக் கதவு திறந்த மெர்சிட் வரை ஒவ்வொன்றுக்கும் தனி வேந்தர் உண்டு; அங்கே வேந்தர் என்றால் வளாகத்தை நடத்தும் தலைவர். இளநிலை மாணவர் சேர்க்கையையும் அந்தந்த வளாகமே முடிவு செய்கிறது. அங்கே எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. முறையிட வேண்டிய ஆள் அதே வளாகத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

கருத்துக்கணிப்புச் சராசரியை நம்பியும் ஏமாறாதீர்கள். தலைமை வளாகத்தின் ஆள் திரளில் கிளையின் எண் கரைந்துவிடும். கிளையில் வேலைக்கோ படிப்புக்கோ சேர்வதாக இருந்தால், யாரையும் கேட்காமல் வளாகத் தலைவர் எவ்வளவு செலவழிக்கலாம் என்று விசாரியுங்கள்.

எங்களுக்கு ஏழாவது ஆண்டில் சில்லறைச் செலவு அதிகாரம் கிடைத்தது. பல்புகள் மறுநாளே வந்தன. பழைய படிவம் அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது, “தேவையை விளக்கவும்” என்ற குறிப்போடு.