பழைய இங்கிலாந்துச் சந்தை போல வேடமிட்டு நடத்தும் ரெனசான்ஸ் ஃபேர் என்ற திருவிழாவில், காமெடிக் கலைஞர்கள் கூட்டத்தை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள்? அவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். கடைசியில் கலைஞர் நீட்டும் தொப்பியில் பார்வையாளர்களின் காசு விழ வேண்டும். அரை மணி நேர ஷோவின் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தொப்பியை மனதில் வைத்தே கட்டப்படுகிறது.

அமெரிக்காவில் ரெனசான்ஸ் ஃபேர் நடத்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் ஃபிலிஸ் பேட்டர்சன், ரான் பேட்டர்சன் தம்பதி. 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் கேபிஎஃப்கே வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட, முதலாம் எலிசபெத் ராணி காலத்து (16ஆம் நூற்றாண்டு) இங்கிலாந்துச் சந்தை போல ஒன்றை நடத்தினார்கள். இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. பெரும்பாலும் சனி, ஞாயிறு மட்டும்தான். பிப்ரவரி, மார்ச்சில் அரிசோனா, ஏப்ரல், மே மாதங்களில் டெக்சாஸின் வாக்ஸஹாச்சி, ஆகஸ்ட் பாதியிலிருந்து மினசோட்டாவின் ஷாகோபீ, அக்டோபர், நவம்பரில் மறுபடி டெக்சாஸ், இம்முறை டாட் மிஷன். முழுநேரக் கலைஞர்கள் வேனிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு இந்த வரிசையில் ஊர் மாறுகிறார்கள்.

வாசலில் நாம் கொடுக்கும் டிக்கெட் பணம் அமைப்பாளருக்கு. கலைஞருக்கு ஒப்பந்தத் தொகை ஒன்று உண்டு. பெயர் எடுத்தவர்களுக்கு அது கணிசமாக இருக்கும். புதியவர்களுக்குக் குறைவு, சில சமயம் அறவே கிடையாது. மீதி எல்லாம் தொப்பிதான்.

ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து ஷோ. ஒவ்வொன்றும் 25 முதல் 30 நிமிடம். மேடை என்பது மரப் பலகை, எதிரே பெஞ்சுகள், மேலே வானம். பல மேடைகளில் மைக் கிடையாது. பக்கத்துத் திடலில் குதிரைவீரர் சண்டைக்குக் கூட்டம் கத்தும், நடுவில் ராணி வேடமிட்டவரின் ஊர்வலம் மேளத்தோடு கடந்து போகும். நாலு சுவரும் கூரையும் உள்ள அரங்கில் சிரிப்பு எதிரொலித்துப் பெருகும். திறந்த வெளியில் சிதறிப்போகும். அதனால் முதல் வேலை ஜோக் சொல்வதல்ல, ஆட்களை நெருக்கமாக உட்கார வைப்பது. பின்வரிசைகளைக் கயிறு கட்டி மறித்து, முன்பெஞ்சுகளை முதலில் நிரப்புவார்கள். 60 பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்தால் வரும் சிரிப்பு, 150 பேர் ஆங்காங்கே தள்ளி உட்கார்ந்தால் வராது.

ஷோ நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஒருவர் மேடையில் ஏறி ஏதாவது செய்துகொண்டிருப்பார். சாட்டையைச் சொடுக்கிப் பார்ப்பார், கயிற்றைக் கட்டுவார், வழியில் போகிறவரின் தொப்பியைப் பற்றிச் சத்தமாகக் கேட்பார். தயாராவது போலத் தெரியும். உண்மையில் ஷோ அப்போதே தொடங்கிவிட்டது. அடுத்து கைதட்டப் பழக்குவார்கள்: “நான் கையைத் தூக்கினால் கத்த வேண்டும், எங்கே ஒரு தடவை பார்ப்போம்.” இதை வெறும் சடங்கு என்று புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது தவறு. அந்த ஒத்திகைக் கூச்சலைக் கேட்டுத்தான் நூறடி தள்ளிப் போகிறவர்கள் என்னவோ நடக்கிறது என்று திரும்பி வருவார்கள்.

நடுப்பகுதியின் உயிர், பார்வையாளர்களிலிருந்து மேடைக்கு அழைத்து வரும் ஆள். இதில்தான் அனுபவம் பளிச்சென்று தெரியும். கையை உயர்த்தி “நான், நான்” என்று குதிப்பவரைக் கூப்பிடக் கூடாது. அவர் தன் ஷோவை நடத்தத் தொடங்கிவிடுவார். கையில் பீர் கோப்பையோடு இருப்பவரும் வேண்டாம். ஐந்தாறு பேர் கூட்டமாக வந்திருக்க, அதில் ஒருவரை மற்றவர்கள் இடித்துக் கேலி செய்துகொண்டிருப்பார்கள் பாருங்கள், அவர்தான் சரியான ஆள். அவர் என்ன செய்தாலும் அந்த ஐந்து பேரும் கத்துவார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கூப்பிடுவதற்கு முன் கண்ணைப் பார்த்து ஒரு நொடி நிற்க வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டாலோ, பக்கத்தில் இருப்பவரின் பின்னால் ஒதுங்கினாலோ விட்டுவிட வேண்டும். கூச்சப்படுபவரை இழுத்து வந்தால் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும், அதன் பிறகு எந்த ஜோக்கும் எடுபடாது. குழந்தை என்றால் முதலில் பெற்றோரின் தலையசைப்பு.

மேடைக்கு வந்தவரின் கையில் உடனே ஒரு பொருளைக் கொடுத்துவிட வேண்டும், வாளி, கம்பு, எதுவானாலும் சரி. வெறுங்கையோடு நிற்பவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது, பதற்றம் முகத்தில் தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு இருக்கட்டும். கிண்டல் எவ்வளவு செய்தாலும் முடிவில் அவர்தான் நாயகன் ஆக வேண்டும். பெயர் சொல்லிக் கைதட்டல் வாங்கிக் கொடுத்துக் கீழே அனுப்ப வேண்டும். இது மரியாதை. கூடவே, அவருடைய கூட்டம் தொப்பியில் தாராளமாகப் போடும்.

இனி தொப்பிப் பேச்சு. இது கடைசி வித்தைக்குப் பிறகு வருவதில்லை, அதற்குச் சற்று முன்னால் வரும். தொங்கும் கயிற்றில் ஏறி நிற்பார், தீப்பந்தம் கையில் இருக்கும், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது சொல்வார்: “இதுதான் எங்கள் பிழைப்பு.” வித்தை முடிந்த பிறகு சொன்னால், முதல் வார்த்தைக்கே பாதிக் கூட்டம் எழுந்து வான்கோழிக் கால் கடைக்குப் போய்விடும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. தொகையைச் சொல்லிவிட வேண்டும்: ஆளுக்கு ஐந்து டாலர், பிடித்திருந்தால் பத்து. சொல்லாவிட்டால் மக்கள் ஒற்றை டாலரை மடித்துப் போடுவார்கள். கஞ்சத்தனம் காரணமல்ல, எவ்வளவு போடுவது முறை என்று அவர்களுக்குத் தெரியாது. பணம் இல்லாதவர்களும் கைகுலுக்கிவிட்டுப் போகலாம் என்று சேர்த்துச் சொல்வது அவசியம். இல்லையென்றால் அவர்கள் அடுத்த முறை ஷோ முடியும் முன்பே நழுவுவார்கள்.

வித்தை முடிந்த கணமே தொப்பி வெளியேறும் வழியில் இருக்க வேண்டும். இரண்டு வழி என்றால் இரண்டு தொப்பி. உள்ளே முன்கூட்டியே சில ஐந்து, பத்து டாலர் நோட்டுகளைப் போட்டு வைப்பார்கள். அதைப் பார்க்கிறவர் அதற்கேற்ற நோட்டை எடுப்பார். இருபது டாலர் விழுந்தால் எல்லோரும் கேட்கும்படி நன்றி சொல்வார்கள்.

வித்தைகளில் எங்கே சிக்கல் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாட்டையின் ‘டப்’ சத்தம் அது எதன் மேலும் படுவதால் வருவதல்ல, நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால் வருவது. அந்த நுனி நூல் பிய்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும். சத்தம் மங்கினால் மாற்ற வேண்டும். சாட்டையின் நீளம், அதோடு கை நீளம், அதற்கு மேலும் தாராளமான இடைவெளி. இந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. தீப்பந்தத்தின் திரியை எரிபொருளில் தோய்த்த பிறகு, மிச்சத்தை உதறாமல் பற்றவைத்தால் சுழற்றும்போது நெருப்புத் துளி பார்வையாளர் மேல் தெறிக்கும். ஈரத் துணியோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். டெக்சாஸில் வறட்சிக் காலத்தில் உள்ளூர் நிர்வாகம் திறந்த நெருப்புக்குத் தடை போடும், அந்த நாட்களுக்குக் கத்தியை வைத்து வேறொரு முடிவு கைவசம் வேண்டும்.

தக்காளி எறியும் ஆட்டம் வேறு வகை. பலகை ஓட்டையில் தலையை நீட்டிக்கொண்டு ஒருவர் போகிற வருகிறவர்களை வம்புக்கிழுப்பார். கோபம் வந்தவர் காசு கொடுத்துத் தக்காளி வாங்கி எறிவார். குறி தவறினால் இன்னும் கிண்டல், இன்னும் தக்காளி. அழுகும் அளவுக்குக் கனிந்த பழம்தான் வேண்டும், காய்வெட்டாக இருந்தால் மூக்கு உடையும். நல்ல வாய்க்காரர் உடலையோ நிறத்தையோ தொட மாட்டார், எறியும் கையையும் போட்டிருக்கும் தொப்பியையும்தான் கிண்டலுக்கு எடுப்பார். செப்டம்பரில் சாற்றுக்குக் குளவிகள் மொய்க்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் பலகையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் முகத்தில் கொட்டும்.

இதெல்லாம் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற மாயவித்தை ஜோடி பென்னும் டெல்லரும் சேர்ந்து முதலில் மேடையேறியது 1975இல், மினசோட்டா ரெனசான்ஸ் விழாவில். அதே விழாவில் 1974இல் தொடங்கியது ‘ப்யூக் அண்ட் ஸ்நாட்’ இரட்டையர் ஜோடி: மார்க் சீவ், ஜோ கட்லா. வாள்சண்டை நடுவே வாய்ச்சண்டை போடும் அந்த ஷோவை, 2008இல் கட்லா இறந்த பிறகும் வேறு நடிகரோடு சீவ் தொடர்ந்தார்.

டாலஸ், ஹூஸ்டன், மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் போவதாக இருந்தால், வீட்டிலிருந்தே ஐந்து டாலர் நோட்டாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். பல மேடைகளில் இப்போது கியூஆர் பலகை வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடிய திடலில் போன் சிக்னல் திணறும். பக்கம் திறப்பதற்குள் பின்னால் வருகிறவர்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். குழந்தைகளோடு போனால் மேடை வாசலில் எந்த வயதுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உட்காருங்கள். பகல் ஷோக்களில் பெரியவர்களுக்கு மட்டும் புரியும்படி இரட்டை அர்த்தத்தில் பேசுவார்கள், மாலையில் மதுக்கடை மேடையில் அந்த மறைப்பும் இருக்காது.